தேரடியில் நின்ற ரயில்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

ஆண்டு மலருக்குக் கட்டுரைகள் வரவேற்கப்படுகின்றன என்று துறை அறிவிப்புப் பலகையில் கண்டதும், 'அன்றாட வாழ்வில் இயற்பியல்' என்று ஏதேனும் எழுதித் தந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். இரண்டு பக்கம் எழுதியும் விட்டேன். அதைப் படித்த நண்பன், "இது நம் பாடப் புத்தகத்தின் முன்னுரை மாதிரி இருக்கிறது. உனக்கென்று தெரிந்தது ஒன்றுமே இல்லையா?" என்று கேட்டான். அன்று மாலை பேருந்தில் வீடு திரும்பும்போது அந்தக் கேள்வியையே நினைத்துக்கொண்டு வந்தேன். டோல்கேட்டைத் தாண்டும்போது தலைக்கு மேலே மெட்ரோ ரயில் ஓடியது. எனக்கென்று தெரிந்தது உண்டு என்று அப்போது தோன்றியது. ஒரு ரயில் பாதை முதல் குழி வெட்டியதிலிருந்து கடைசிப் படி கட்டியது வரை எழும்பி வந்ததை எங்கள் தெருமுனையில் நின்று பார்த்தவன் நான். அதையே எழுதுகிறேன். ஊடே என் கதையும் கொஞ்சம் வரும். ஆசிரியப் பெருமக்களும் நண்பர்களும் பொறுத்தருள வேண்டும்.

எங்கள் வீடு திருவொற்றியூர் தேரடிக்கு அருகே ஒரு சந்தில் இருக்கிறது. தியாகராஜ சுவாமி கோயில் தேர் நிற்கும் இடமாதலால் அது தேரடி. அப்பா கன்டெய்னர் லாரி ஓட்டுநர். துறைமுகத்துக்குள் நுழைய எண்ணூர் விரைவுச் சாலையில் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் நாள்களில், வீட்டுக்கு எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாது. அம்மா தேரடிப் பேருந்து நிறுத்தத்தை ஒட்டித் தள்ளுவண்டியில் இட்டிலியும் வடகறியும் விற்றுவந்தார். தாத்தா பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, காசு வாங்கி டப்பாவில் போடுவார். இவர்கள் மூவரில் அதிகம் படித்தவர் அம்மா. எட்டாம் வகுப்பு.

2016-ஆம் ஆண்டு ஜூலை மாதம், நான் ஆறாம் வகுப்பில் இருந்தபோது, மெட்ரோ ரயிலை எங்கள் பக்கம் நீட்டிக்கும் வேலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். அதற்கு முந்தைய ஆண்டு, 2015 ஜூன் 29-ல், கோயம்பேட்டுக்கும் ஆலந்தூருக்கும் இடையே முதல் மெட்ரோ ஓடத் தொடங்கியிருந்தது. முதல் கட்டத் திட்டத்தில் வடக்கே வண்ணாரப்பேட்டையோடு பாதை முடிவதாக இருந்தது. அங்கிருந்து விம்கோ நகர் வரை ஒன்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக நீட்டிப்பு. மதிப்பீடு 3,770 கோடி ரூபாய். (விம்கோ என்பது தீப்பெட்டிக் கம்பெனியின் பெயர். அதன் தொழிற்சாலை இருந்ததால் அந்த இடத்துக்கே அது பெயராகிவிட்டது.) தொண்டையார்பேட்டை வரை மண்ணுக்கடியில் வந்து, பிறகு மேலேறி, எங்கள் நெடுஞ்சாலையின் மீது தூண்களின் மேல் ரயில் வரப்போகிறது என்றார்கள்.

தாத்தாவுக்கு அப்போது எழுபதுக்கு மேல் வயது. "மறுபடியும் ட்ராம் வண்டி விடப்போறானா?" என்றார்.

சென்னையில் மின்சார ட்ராம் 1895 மே 7-ல் ஓடத் தொடங்கியது. இந்தியாவில் மின்சாரத்தில் ஓடிய முதல் ட்ராம் அதுதான். தொடக்கத்தில் தெருவுக்கு அடியில் பதித்த குழாய் வழியாக மின்சாரம் எடுத்தார்களாம். நம் ஊர் மழைக்கு அது ஒத்துவராமல், பிறகு மேலே கம்பி கட்டினார்கள். மவுண்ட் ரோடு, பாரிமுனை என்று ஏறக்குறைய 58 ஆண்டுகள் ஓடி, 1953 ஏப்ரல் 12-ல் நின்றுபோயிற்று. தாத்தாவின் அப்பா பாரிமுனையில் மூட்டை தூக்கியவர். அவருடைய தோளில் உட்கார்ந்து ட்ராம் பார்த்த பையன் எங்கள் தாத்தா. "ராத்திரி படுத்தப்ப ட்ராம் இருந்துச்சி. காலையில எழுந்தா இல்ல. நிறுத்தறதுக்கு ஒரு ராத்திரி போதும்டா. போடறதுக்குத்தான் வருஷக்கணக்கா ஆவும்" என்பார். அவர் சொன்னதில் எவ்வளவு உண்மை என்பது போகப்போகத் தெரிந்தது.

முதலில் வந்தவை நீலத் தகரத் தடுப்புகள். சாலையின் நடுவே அவற்றை நட்டு, இரண்டு பக்கமும் பேருந்துகள் ஒருவரையொருவர் உரசாமல் போகும் அளவுக்கு இடம் விட்டார்கள். பேருந்து நிறுத்தம் சற்றுத் தள்ளிப் போயிற்று. அதன் நிழலில் நின்றிருந்த எங்கள் தள்ளுவண்டியும் இடம் பெயர வேண்டியதாயிற்று. யாரையும் குறை சொல்லிப் பயனில்லை. வேலை நடக்கும் இடத்தில் அடுப்பு எரியக் கூடாது என்பது நியாயம்தானே. சந்துக்குள் வண்டியை நிறுத்தினோம். பேருந்துக்கு ஓடுகிறவர்கள் சந்துக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. அதுவரை எட்டரை மணிக்குக் காலியாகிவிடும் இட்டிலிப் பாத்திரம் பத்து மணிக்கும் கனமாக இருந்தது. மிச்ச இட்டிலியை இரவில் உதிர்த்துத் தாளித்து உப்புமா செய்வார் அம்மா. அந்த ஆண்டு நாங்கள் தின்ற உப்புமாவுக்குக் கணக்கில்லை.

எங்களைக் காப்பாற்றியவர்களும் அந்தத் தடுப்புக்குள்ளிருந்துதான் வந்தார்கள். பீகார், ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்து வந்த தொழிலாளர்கள் இரவு ஷிப்ட் முடிந்து காலையில் பசியோடு வெளியே வருவார்கள். முதல் வாரம் இட்டிலியைச் சந்தேகமாகப் பார்த்தார்கள். இரண்டாம் வாரம் அம்மா சப்பாத்தி போடக் கற்றுக்கொண்டார். மூன்றாம் மாதம் அவர்கள் வடகறி இல்லாமல் சப்பாத்தியைத் தொடுவதில்லை என்ற நிலை வந்துவிட்டது.

அவர்களில் கம்பி கட்டும் அண்ணன் ஒருவர் இருந்தார். ஒடிசாக்காரர். அம்மாவை 'மா' என்பார். அம்மா அவரைத் 'தம்பி' என்பார். நான் அவருக்கு ஒன்று, இரண்டு சொல்லிக்கொடுத்தேன். அவர் எனக்குத் தூண் எப்படி எழும்புகிறது என்று சொல்லிக்கொடுத்தார். பெரிய திருகாணி போன்ற எந்திரத்தால் தரையில் ஆழமாகத் துளை போடுவார்கள். எங்கள் ஊர் கடலோர மணல் மண். துளையின் சுவர் உடனே சரிந்துவிடும். ஆகவே துளை நிறைய பென்டோனைட் என்னும் களிமண் கரைசலை ஊற்றி வைப்பார்கள். அந்தக் கரைசலின் அழுத்தம் சுவரைத் தாங்கிக்கொள்ளும். பிறகு அவர் கட்டிய கம்பிக் கூட்டைக் கிரேன் தூக்கி உள்ளே இறக்கும். அடியிலிருந்து கான்கிரீட் நிரம்ப நிரம்பக் கரைசல் மேலே வந்து வெளியேறும். இப்படிப் பல துளைகளைச் சேர்த்து ஒரு தளம், அந்தத் தளத்தின் மேல் ஒரு தூண். தரைமட்டத்தில் கையை வைத்து, "நீச்சே பெரிசு, மேலே சின்னது" என்று காட்டுவார். மாதக்கணக்கில் வேலை நடந்தும் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லையே என்று எங்கள் தெருவில் சலித்துக்கொண்டிருந்தார்கள். பெரிய வேலை அப்போது மண்ணுக்கடியில் முடிந்துகொண்டிருந்தது.

வேலை எவ்வளவு ஆயிற்று என்பதைச் செய்தித்தாளிலும் போடுவார்கள். எங்கள் வீட்டுக்குச் செய்தித்தாள் எடைக்கு வாங்கியதாகத்தான் வரும், வடகறிப் பொட்டலம் மடிக்க. ஆகவே நாங்கள் படிக்கும் செய்தி எப்போதும் இரண்டு மூன்று மாதம் பழையது. "விம்கோ நகர் மெட்ரோ இத்தனை சதவீதம் நிறைவு" என்று ஒரு தாளில் கண்டால் நான் உரக்கப் படிப்பேன். சதவீதம் என்றால் என்ன என்று அம்மா கேட்டார். நூறு இட்டிலியில் எத்தனை விற்றது என்று சொல்வதுதான் சதவீதம் என்றேன். அவருக்கு உடனே புரிந்துவிட்டது. அதிலிருந்து எங்கள் வீட்டில் எல்லாமே சதவீதக் கணக்கில் நடந்தது. மாவு எத்தனை சதவீதம் புளித்தது, அப்பாவின் லாரி வரிசையில் எத்தனை சதவீதம் நகர்ந்தது, என் வீட்டுப்பாடம் எத்தனை சதவீதம் முடிந்தது.

2018-ல் தாத்தா காலமானார். எங்கள் தெருமுனைத் தூணுக்கு அப்போது தலைப்பகுதி வைக்கவில்லை. மொட்டைத் தூணின் கீழேதான் அவரைத் தூக்கிச் சென்றோம். அடுத்த ஆண்டு, 2019 பிப்ரவரி 10-ல், வண்ணாரப்பேட்டை வரை ரயில் வந்துவிட்டது. எங்கள் பக்கத்திலும் தூண்களுக்கிடையே பாதை இணைந்துகொண்டே வந்தது. வானத்தில் ஒரு சாலை மெல்ல மெல்ல நீள்வதைப் போல இருந்தது.

2020 மார்ச் மாதம் ஊரடங்கு வந்தது. எந்திரங்கள் நின்றன. கடையும் நின்றது. ஒடிசா அண்ணனும் அவருடைய தோழர்களும் தகரக் கொட்டகையில் சில வாரங்கள் இருந்தார்கள். அம்மா வீட்டில் இருந்த அரிசியைப் பொங்கி ஒரு தூக்கில் கொடுத்தனுப்புவார். மே மாதம் தொழிலாளர்களுக்கென்று விட்ட சிறப்பு ரயிலில் அவர் ஊருக்குப் போனார். கடன் கணக்கு நோட்டில் அவர் பெயருக்கு நேரே 340 ரூபாய் நின்றது. போகும்போது அந்தப் பக்கத்தைத் தானே திறந்து காட்டி, நெஞ்சைத் தொட்டுக்கொண்டு போனார். மீண்டும் வேலை தொடங்கியபோது புதிய முகங்கள் வந்தன. அவர் வரவில்லை. அந்த வரியை அம்மா இன்றுவரை அடிக்கவில்லை.

நான் பத்தாம் வகுப்புக்கு வந்திருந்தேன். 2021 பிப்ரவரி 14, ஞாயிற்றுக்கிழமை, பிரதமர் சென்னைக்கு வந்து விம்கோ நகர் வரையிலான பாதையைத் தொடங்கிவைத்தார். எங்கள் சந்தே நெடுஞ்சாலையில் வந்து நின்றது. மாடிகளில் கூட்டம். ரயில் வந்தது. நாங்கள் கைதட்டினோம். அது எங்கள் தலைக்கு மேலே வந்து, நிற்காமல் போய்விட்டது.

தேரடி நிலையத்தின் வேலை அப்போது முடிந்திருக்கவில்லை. காலடிப்பேட்டையில் நிற்கும், அடுத்து திருவொற்றியூரில் நிற்கும், இடையில் எங்கள் தேரடியில் நிற்காது. தண்டவாளம் இருக்கிறது, மின்சாரம் இருக்கிறது, ரயில் இருக்கிறது. ஆனால் தெருவில் நிற்கிற மனிதன் மேலே போவதற்கு வழி இல்லை. அன்று மாலை ஒவ்வொரு ரயிலாக எங்களைக் கடந்து போவதைப் பார்த்துவிட்டு அம்மா, "நிக்காத வண்டிக்கு எதுக்குடா இத்தினி வேலை?" என்றார். பக்கத்து வீட்டுப் பெரியவர், "தேர் நிக்கற எடத்துல ரயில் நிக்கலியே!" என்றார். எல்லோரும் சிரித்தோம். உள்ளுக்குள் வருத்தம்தான்.

பதின்மூன்று மாதங்கள் அப்படியே போயின. நான் அந்த ரயிலின் ஓசைக்கு நேரம் பார்த்துப் படித்தேன். அந்த ஆண்டு தொற்றுக் காலமானதால் பத்தாம் வகுப்புக்குத் தேர்வு நடத்தாமலே எங்கள் எல்லோருக்கும் தேர்ச்சி கொடுத்தார்கள். 2022 மார்ச் 13, அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேரடி நிலையம் திறக்கப்பட்டது. விம்கோ நகர் பணிமனை நிலையமும் அன்றுதான் திறந்தது. அன்று முதல் முறையாக ரயில் வேகம் குறைத்து, மூச்சு விடுவதைப் போல ஓசையெழுப்பி, எங்கள் தெருவில் நின்றது. படிக்கட்டு வந்து தரையைத் தொட்ட இடம், அம்மா முன்பு அடுப்பு வைத்திருந்த இடத்திலிருந்து பத்துப் பதினைந்து அடி தூரம்தான். அம்மா அந்த முதல் படியைக் காலால் ஒருமுறை மிதித்துப் பார்த்துவிட்டு வந்தார். ஏறவில்லை. "எனக்கு பஸ் சும்மாவே கீது, காசு குடுத்து எதுக்கு?" என்றார். 2021 முதல் நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை அல்லவா!

இதுவரை பாதையின் கதை. இனி, அது எனக்கு எதைச் சொல்லிக்கொடுத்தது என்பதைச் சொல்ல வேண்டும்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கோடையில் அப்பாவுக்குக் கால் எலும்பு முறிந்தது. நான் ஓராண்டு கன்டெய்னர் யார்டில் பெட்டிகளின் எண்ணைச் சரிபார்த்து எழுதும் வேலைக்குப் போனேன். 2024-ல்தான் இந்தக் கல்லூரியில் சேர்ந்தேன். சேர்ந்த அன்று வீட்டில் பாயசம். அம்மாவின் கணக்கில் நூறு சதவீதமும் அன்றே முடிந்துவிட்டது. பிள்ளை கல்லூரியில் சேர்ந்துவிட்டான், இனி என்ன?

ஆனால் வகுப்பில் உட்கார்ந்தபோதுதான் எனக்குப் பழைய காட்சி நினைவுக்கு வந்தது. நான் பள்ளியில் முழுக்கத் தமிழ் வழியில் படித்தவன். இங்கே பாடம் ஆங்கிலத்தில் நடந்தது. பேராசிரியர்கள் நன்றாகத்தான் நடத்தினார்கள். கரும்பலகையில் இருந்ததை ஒரு எழுத்து விடாமல் எழுதிக்கொண்டேன். ஆனால் எல்லாம் என் தலைக்கு மேலே, நிற்காமல், போய்க்கொண்டிருந்தன. பாதை இருந்தது, ரயில் இருந்தது, கீழே நான் இருந்தேன். கேட்க வெட்கம். யாரிடம் கேட்பது? வீட்டில் கேட்க ஆளில்லை. அண்ணன், அக்கா, மாமா என்று வழி சொல்ல ஒருவரும் கல்லூரி வாசலைப் பார்த்ததில்லை.

முதல் பருவத் தேர்வு முடிவு வந்தது. பொருள்களின் பண்புகள், துணைப்பாடக் கணிதம், இரண்டிலும் தேறவில்லை. வீட்டில் சொல்லவில்லை. அம்மா வழக்கம்போல, "படிப்பு எத்தினி சதவீதம் ஆச்சி?" என்று கேட்பார். மூன்றாண்டுப் படிப்பில் ஒரு பருவம் முடிந்தால் ஆறில் ஒரு பங்கு என்று கணக்குப் போட்டு, "பதினேழு" என்பேன். அவர் மகிழ்ச்சியோடு மாவு ஆட்டப் போய்விடுவார். அந்தப் பதினேழு என் தொண்டையில் முள்ளாகக் குத்தியது. யார்டில் மேற்பார்வையாளர் மறுபடி வருகிறாயா என்று ஆள் விட்டுக் கேட்டார். வருகிறேன் என்று சொல்வதற்கு இருந்தேன்.

அந்த வாரம் ஆய்வகத்தில் முறுக்கு ஊசல் சோதனை. ஒரு கம்பியில் வட்டத் தகடு தொங்கும். அதைத் திருகிவிட்டு அலைவு நேரம் எடுக்க வேண்டும். நான் வாய்பாட்டை ஒப்பித்தேன். பேராசிரியர் (பெயர் எழுதினால் கோபித்துக்கொள்வார்) "சரி, இதில் நீ எதைக் கண்டுபிடிக்கிறாய்?" என்று கேட்டார். "மொமென்ட் ஆஃப் இனர்ஷியா, சார்." "அப்படியென்றால்?" நான் தலை குனிந்தேன். அவர் சிறிது நேரம் பார்த்துவிட்டு, "தமிழ் வழியா? பதினோராம் வகுப்பில் நிலைமத் திருப்புத்திறன் படித்தாயே, அதுதான் இது" என்றார்.

நண்பர்களே, நிலைமத் திருப்புத்திறனை எனக்கு நன்றாகத் தெரியும். அதில் நான் நல்ல மதிப்பெண் வாங்கியவன். ஐந்து மாதமாக எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் எங்கள் தெருக்காரர்தான், வேறு சட்டை போட்டிருந்ததால் அடையாளம் தெரியவில்லை என்பதைப் போல இருந்தது. பிறகு ஒவ்வொன்றாக வந்தார்கள். மொமென்டம் என்றால் உந்தம். சர்ஃபேஸ் டென்ஷன் என்றால் பரப்பு இழுவிசை. விஸ்காசிட்டி என்றால் பாகுநிலை. பேராசிரியர் வகுப்பு முடிந்தபின் வாரத்தில் இரண்டு நாள் அரை மணி நேரம் எங்கள் நான்கைந்து பேருக்காக இருந்தார். "எந்த வரியில் விட்டுப்போயிற்றோ அந்த வரியில் நிறுத்துகிறேன், சொல்லுங்கள்" என்பார். நிறுத்தினார். ஒரு நோட்டில் நடுக்கோடு போட்டு, இடப்பக்கம் தமிழ்ச் சொல், வலப்பக்கம் ஆங்கிலச் சொல் என்று எழுதத் தொடங்கினேன்.

அன்றிரவே அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். பதினேழு என்று சொன்னது பொய், இரண்டு தாளில் தேறவில்லை, யார்டுக்குப் போகலாமா என்று நினைத்தேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா திட்டவில்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கேட்டார்:

"தேரடியில வண்டி நிக்க எத்தினி மாசம் ஆச்சி?"

"பதிமூணு மாசம்மா."

"நின்னுச்சா இல்லியா?"

"நின்னுச்சி."

"அப்ப போய்ப் படி."

2025 ஏப்ரலில் இரண்டாம் பருவத் தேர்வோடு அந்த இரண்டு தாள்களையும் மறுபடி எழுதினேன். கணிதத் தேர்வன்று காலை அம்மா கடையை அப்பாவிடம் விட்டுவிட்டு, "நானும் வரேன்" என்றார். வழக்கமாக நான் இலவசப் பயண அட்டையில் பேருந்தில்தான் வருவேன். தேர்வு நாள்களில் மட்டும் நேரம் தவறக் கூடாதென்று அம்மா ரயிலுக்குக் காசு தருவார். அன்று இருவருக்கும் டிக்கெட் எடுத்தோம். அவருக்கு அதுதான் முதல் பயணம். ஜன்னல் வழியே கிழக்கே கடலைப் பார்த்தார். நம் கோயில் கோபுரம் இவ்வளவுதானா என்றார். புது வண்ணாரப்பேட்டை தாண்டி ரயில் சரிந்து மண்ணுக்குள் இறங்கியதும் இருட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டார். பயத்தைப் போக்க நான் எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன். மேலே கம்பியில் வருவது 25,000 வோல்ட், ரயில் வேகம் குறைக்கும்போது மோட்டாரே மின்னாக்கியாக மாறி மின்சாரத்தைத் திரும்பக் கம்பிக்கே கொடுக்கும் என்றேன். "நிக்கும்போது சம்பாரிக்குதா? நல்ல வண்டிதான்" என்றார் அம்மா. தேரடியிலிருந்து பதினைந்தாவது நிலையம் நந்தனம். இறங்கிக் கல்லூரி வாசல் வரை வந்தார். கட்டடத்தை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சாலையைக் கடந்து, கட்டணமில்லாப் பேருந்தில் ஏறி வீட்டுக்குப் போய்விட்டார்.

இரண்டு தாளிலும் தேறிவிட்டேன். கணிதத்தில் மிகச் சாதாரணமான மதிப்பெண்தான்.

இப்போது சென்னையில் மெட்ரோவின் இரண்டாம் கட்டமாக மூன்று வழித்தடங்களில் 118.9 கிலோமீட்டருக்குத் திட்டமிட்டிருக்கிறார்கள். 2024 அக்டோபரில் மத்திய அமைச்சரவை அதற்கு ஒப்புதல் அளித்தது. கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி செல்லும் வழித்தடம் நம் நந்தனம் வழியாகத்தான் போகிறது. நகரில் எங்கே தடுப்புத் தகரத்தைப் பார்த்தாலும் என் கண் முதலில் அதன் ஓரத்தில் ஏதேனும் இட்டிலி வண்டி இருந்து எடுபட்டதா என்று தேடும். பிறகு உள்ளேயிருந்து வெளியே வரும் தொழிலாளர்களின் முகத்தைப் பார்க்கும். ஒடிசா அண்ணன் மறுபடி சென்னைக்கு வந்திருந்தால் இப்படி ஏதோ ஒரு தடுப்புக்குள்தான் இருப்பார். அவர் கம்பி கட்டிய பாதையில் அவர் ஏறிப் பார்த்ததில்லை.

வடகறிப் பொட்டலத்தில் படித்த சதவீதக் கணக்கை இப்போது நான் வேறு விதமாகப் படிக்கிறேன். தூண் நட்டு, பாதை இணைத்து, ரயிலும் விட்டுவிட்டால் தொண்ணூற்றுச் சில்லறை சதவீதம் என்று கணக்கு வந்துவிடும். தெருவில் நிற்பவனுக்கு அந்த மிச்சச் சில்லறையில்தான் படிக்கட்டு இருக்கிறது. கல்லூரிகள் எங்கள் தெருக்கள் வரை வந்துவிட்டன. அதற்காகப் பாடுபட்டவர்களை நாங்கள் மறக்கமாட்டோம். வந்தது எங்களுக்காக நிற்கவும் வேண்டும், அவ்வளவுதான். அந்த அரை மணி நேரம் எனக்குக் கிடைத்தது. கிடைக்காமல் முதல் ஆண்டிலேயே நின்றுபோன இரண்டு நண்பர்களை எனக்குத் தெரியும். அவர்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள்.

என் நோட்டு இப்போது எண்பது பக்கத்தைத் தாண்டிவிட்டது. சொற்களோடு, எனக்குப் புரிந்த வகையில் சிறு விளக்கங்களும் படங்களும் சேர்த்திருக்கிறேன். பிழைகளைப் பேராசிரியர் சிவப்பு மையில் திருத்தியிருக்கிறார். தமிழ் வழியில் படித்துவிட்டு இந்த ஆண்டு சேர்ந்திருக்கும் தம்பி தங்கையர் யாருக்கேனும் வேண்டுமானால், செவ்வாய், வியாழன் மதியம் இயற்பியல் ஆய்வகத்தில் இருப்பேன். வந்து வாங்கிக்கொள்ளலாம். நகல் எடுத்துவிட்டுத் திருப்பித் தந்தால் போதும்.